எரியும் ஏரி மீனும் என் தெர்மாகோல் பெட்டியும்

ஏரிச் சேற்றுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து தர்மபுரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நாட்டில் அதிகம் இருக்கமாட்டார்கள். ஆனாலும் இந்த வலைப்பூவுக்கு அவ்வப்போது மாணவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். சேற்று மாதிரியை எப்படி எடுப்பது, கெடாமல் எப்படிக் கொண்டுவருவது, ஊரில் யாரிடம் பேசுவது என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதற்கு இந்தச் சித்திரையில்தான் கிடைத்தது. அதனால் இந்தப் பதிவு.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளம், ஏரி, நெல்வயல் என்று தண்ணீர் தேங்கும் இடங்களின் அடிச்சேற்றில், காற்றே போகாத கருப்பு மண்ணில், சில நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மக்கிய இலைதழைகளில் மற்ற உயிர்கள் தின்றுவிட்டு மிச்சம் விட்டதை வைத்து இவை மீத்தேன் வாயுவைத் தயாரிக்கின்றன. பூமி சூடாவதில் அந்த வாயுவுக்கும் ஒரு பங்கு உண்டு. எந்த ஏரியில் எந்த வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன, எப்போது மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் இவற்றை வளர்ப்பது பெரும்பாடு. காற்றுப் பட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வளர்க்காமல், சேற்றிலிருந்தே மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்க்கிறோம். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பி.சி.ஆர். பரிசோதனைதான். மூக்குக்குப் பதில் ஏரி.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. டி.என்.ஏ.வைப் பார்த்தால் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். அது வாக்காளர் பட்டியல் மாதிரி. செத்தவர் பெயரும் அதில் இருக்கும், ஊரைவிட்டுப் போனவர் பெயரும் இருக்கும். அன்றைக்கு உண்மையில் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிய ஆர்.என்.ஏ. வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஆர்.என்.ஏ. படு சீக்கிரம் சிதைந்துவிடும். சேற்றை எடுத்த இடத்திலேயே உறையவைத்து, ஒரு கணமும் இளகவிடாமல் ஆய்வுக்கூடம் வரை கொண்டுவர வேண்டும். கெடாமல் காக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் இந்தக் களிச்சேற்றுக்கு அவை எங்கள் கையில் சரிவரவில்லை. கட்டியாக உறையவைத்த கரியமில வாயுவான ட்ரை ஐஸ்தான் கதி, சாதாரண ஐஸின் குளிர் இதற்குப் போதாது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஏரியில் இரண்டு கோடைகள் ஒரே இடத்தில் சேறு எடுத்திருந்தேன். மூன்றாவது கோடையும் எடுத்தால்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுசாகும். இந்த ஆண்டோ, விவசாயிகள் வயலுக்கு வண்டல் மண் அள்ள அந்த ஏரிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் ட்ராக்டர்கள் இறங்கும் என்று தகவல் வந்தது. வண்டல் வயலுக்கு நல்லது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் தேடும் சேறு முழுவதும் கேழ்வரகுக் காட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் நான் எதை எடுப்பது? ஏரியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

முதல் நாள் மாலை எட்டுக் கிலோ ட்ரை ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் அடைத்தேன். அதிகாலை நாலரைக்குக் காந்திபுரத்தில் சேலம் பஸ். சேலத்தில் இட்லி, பிறகு தர்மபுரி பஸ். பத்தரைக்குத் தர்மபுரியில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, பெட்டியோடு பாப்பாரப்பட்டி டவுன் பஸ் பிடித்தேன். முக்கால் மணி நேரம். மகளிருக்கு டிக்கெட் இல்லை, பெட்டிக்கு மட்டும் நடத்துநர் லக்கேஜ் போட்டார். ட்ரை ஐஸ் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள், அழுத்தம் ஏறிப் பெட்டி வெடிக்கும். ஜன்னலோரம் உட்காருங்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஏரி ஆறு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டிய மாது அண்ணன் போன வருடமும் வந்தவர். பெட்டியிலிருந்து வெள்ளையாகக் கசிவதைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னாங்க மேடம் பொகையுது? சாமி கும்புட ஏதாச்சும் கொண்டாறீங்களா?"

"ஐஸ்தாங்கண்ணா."

"ஐஸ் எங்கனா பொகையுமா? நீங்க சொல்றீங்க, நான் கேட்டுக்கறேன்" என்று கியரைப் போட்டார். வழி நெடுக மாந்தோப்பும் தக்காளிக் காடும். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது.

ஏரிக்கரையில் காவேரி அக்கா பரிசலோடு நின்றிருந்தார். ஏரியின் மீன் குத்தகை அவர் பெயரில் இருக்கிறது. கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒரு தடவை வருவார். வலை, பரிசல், வியாபாரம் எல்லாம் அக்காதான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், பெங்களூரு வியாபாரியிடம் கன்னடம் என்று மூன்று மொழியிலும் மீனை விற்கிறவர். முதல் வருடம் நான் அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது அதைப் பார்க்காமலேயே, "பரிசல்ல ஏறத் தெரியுமா, அதச் சொல்லுங்க" என்று கேட்டவர். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "நாளைக்கிச் சந்தை. இருக்கற மீன அல்லாத்தையும் வலிச்சி நாளைக்கே வித்தாகணும் மேடம். தண்ணி சூடேறிட்டா செத்து மெதக்கும். ட்ராக்டரு எறங்கிட்டா அதுவும் போச்சு. இத வித்தாத்தான் அடுத்த குத்தகைக்கு நிக்க முடியும், இல்லேன்னா வேற யாராச்சும் எடுத்துருவாங்க" என்றார். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் எனக்காக மதியம் பரிசலை ஒதுக்கியிருந்தார்.

பரிசலில் நின்று குழாயைச் சேற்றில் இறக்குவது ஒரு கலை. நான் ஒரு பக்கம் அழுத்தினால் பரிசல் மறுபக்கம் சுற்றும். அக்கா துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் பரிசலை நிறுத்திக்கொண்டார். ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்முனையை ரப்பர் மூடியால் அடைத்து, மெல்ல உருவ வேண்டும். மேலே பழுப்பு, கீழே போகப்போக மை மாதிரிக் கருப்பு, அழுகிய முட்டை நாற்றம். எனக்கு அது நல்ல சேற்றின் வாசனை. நுனி வெட்டிய ஊசிக்குழாயால் ஒவ்வோர் ஆழத்திலும் கொஞ்சம் எடுத்துச் சிறு குப்பிகளில் அடைத்து உடனே ட்ரை ஐஸில் புதைத்தேன். சாயங்காலம் கரைக்கு வரும்போது முதுகு விண்விண் என்றது. மனது நிறைந்திருந்தது. மூன்று கோடை, ஒரே இடம், முடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கரையில் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். ட்ராக்டருக்கு வழி பார்க்க வந்தவர்கள். அவர்கள் பார்வை என் பெட்டியின் மேல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் தவறித் திறந்துவிடக் கூடாது என்று அதன்மேல் பெரிய எழுத்தில், தமிழிலேயே எழுதுவோமே என்ற பெருமையில், நான் ஒட்டியிருந்தது: "மீத்தேன் ஆய்வு. திறக்காதீர்கள்."

மீத்தேன் என்ற சொல் தமிழ்நாட்டில் என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியாதா? வயலைத் தோண்டி வாயு எடுப்பார்கள் என்று டெல்டாவில் ஊர் ஊராக மறியல் நடந்ததை நானும் டிவியில் பார்த்தவள்தானே. பெட்டியில் ஒட்டும்போது அது மண்டையில் ஏறவில்லை.

"இங்க மீத்தேன் எடுக்கப் போறாங்களாங்க?" என்று பச்சைத் துண்டு போட்ட ஒருவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க, இது சும்மா படிப்புக்கு."

"மொதல்ல படிப்புன்னுதான் வருவாங்க. அப்பறம் குழாயோட வருவாங்க. பெட்டியத் தெறங்க, பாத்துரலாம்."

பெட்டியைத் திறந்து ஆளாளுக்குக் குப்பியை எடுத்துப் பார்த்தால் என் மூன்று வருடமும் அங்கேயே இளகிவிடும். திறக்காமல் நம்பவைக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கல்லூரியில் எல்லோரும் கைதட்டும் சோதனை ஒன்று உண்டு. ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, புனல் வைத்து, ஏரிக்குள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கீழே சேற்றைக் கம்பால் கிளற வேண்டும். குமிழ்கள் மேலே வந்து பாட்டிலில் சேரும். வாயைத் திறந்து தீக்குச்சி காட்டினால் குப்பென்று ஒரு நீலச்சுடர் எழுந்து அடங்கும். அதையே அங்கே செய்து காட்டினேன். "பாருங்க, இது தானாவே வர்றது. எல்லா ஏரியிலும் இருக்கு. யாரும் குழாய் போட வேண்டியதே இல்லை" என்று சொல்லி முடித்தேன்.

கூட்டம் நெருங்கி வந்து பாட்டிலை எட்டிப் பார்த்தது. சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். துண்டுக்காரர், "சரிங்க, போயிட்டு வாங்க" என்று வழிவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். காவேரி அக்கா மட்டும் தலை நிமிராமல் வலையை மடித்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போது லாட்ஜைக் காலிசெய்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டி மடியில். மதியத்துக்குள் கோயம்புத்தூர் போய்விட்டால் ட்ரை ஐஸ் தாங்கும். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், சந்தையில மீன யாரும் தொட மாட்டேங்கறாங்க. ஏரி எரியுதுன்னு வீடியோ வந்துருச்சாம். கேஸ் மீனாம். பெங்களூரு வியாபாரி வண்டிய வேற பக்கம் திருப்பிட்டான்." குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. "உங்கள வாங்கன்னு சொல்லல. உங்களுக்கு அந்த ஐஸு கரைஞ்சுரும்னு தெரியும். என்னா சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க, நானே சொல்லிக்கறேன்."

சொல்ல முயன்றேன். மீத்தேன் தண்ணீரில் அதிகம் கரையாது என்றேன், மீனின் உடம்பில் தங்காது என்றேன், நெல்வயலிலும் உண்டு என்றேன். ஒவ்வொன்றும் இன்னொரு விளக்கத்தைக் கேட்டது. அக்கா பொறுமையாக "ம்... ம்..." என்றார். பின்னால் யாரோ "வெல கொறச்சாலும் வேணாங்க்கா" என்பது கேட்டது. நடத்துநர் விசில் அடித்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இறங்கிய அடுத்த நிமிடமே, திரும்ப ஏறிவிடலாமா என்றுதான் யோசித்தேன். பஸ் போய்விட்டது. பாப்பாரப்பட்டி பஸ் எதிரே நின்றது.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் அக்காவின் கடையைச் சுற்றி ஈயும் வேடிக்கை பார்ப்பவர்களும்தான். பிளாஸ்டிக் கிரேட்டுகளில் உடைத்த ஐஸுக்கு நடுவே கட்லாவும் ரோகுவும் பளபளவென்று கிடந்தன. நான் போய் விளக்கத் தொடங்கினேன். "இந்த வாயு எல்லா ஏரியிலும் இருக்குங்க" என்றதும் பக்கத்துக் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்க ஏரி மீனும் வேணாங்கறீங்களா? உங்களுக்கு என்னாங்க வேணும்?" என்றார். நல்ல ஆரம்பம்.

கொஞ்சம் நிதானித்து, கூட்டத்தைப் பார்த்து, யார் வீட்டிலாவது சாண எரிவாயு இருக்கிறதா என்று கேட்டேன். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் கை தூக்கினார்.

"எங்க வூட்ல இருக்குதுங்க. அதுலதான் டீ வெக்கறோம்."

"அந்தத் தொட்டிக்குள்ள கேஸ் செய்யறதும் இதே மாதிரி உயிருங்கதாங்க. மாட்டு வயித்துல இருந்து வருது. ஏரிச் சேத்துல இருக்கறது அதுங்களோட சொந்தக்காரங்க. மாடு ஏப்பம் விட்டாலும் அதே கேஸ்தான்."

"அப்ப மாட்டு வாயில நெருப்பு வெச்சா எரியுமாங்க?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. "வெச்சுப் பாக்காதீங்க, மாடு சும்மா விடாது" என்றேன். முதல் முறையாக அக்காவும் சிரித்தார்.

சிரித்தார்களே தவிர, யாரும் வாங்கவில்லை. ஒரு சில்லறை வியாபாரி அம்மா நியாயமாகவே சொன்னார்: "எனக்குப் புரியுதுங்க. நான் தெருவுல கொண்டுபோறப்ப கேக்கறவங்களுக்கு யாரு சொல்றது? வீடியோ வந்துருச்சே."

வீடியோ. சிவப்புச் சட்டைக்காரர் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார், முகம் வெளுத்திருந்தது. "தம்பி, இன்னொரு வீடியோ எடுங்க" என்றேன். கிரேட்டிலிருந்து ஒரு ரோகுவைக் காட்டினேன். அக்கா அதை அங்கேயே வெட்டிக் கழுவித் தர, பக்கத்து வறுவல் கடையில் மிளகாய் தடவிக் கல்லில் போட்டார்கள். நான் சந்தை நடுவில் நின்று, முள்ளெடுத்து, அதைத் தின்றேன். வெறும் வயிறு, காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுவுறாங்கடா" என்றார் ஒருவர். "காரங்க, கேஸ் இல்ல" என்றேன். நல்லம்பள்ளி விவசாயியும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். அப்புறம் அந்த வியாபாரி அம்மா. அந்த வீடியோ எத்தனை பேரைச் சேர்ந்தது என்று தெரியாது. ஆனால் கூடைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன.

விலை வழக்கத்தைவிடக் குறைவுதான். பெங்களூரு வண்டி வரவே இல்லை. ஆனாலும் பொழுது உச்சிக்கு வருவதற்குள் கிரேட்டுகள் காலி. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குத்தகைக்கு நின்னுரலாம் மேடம்" என்றார்.

அப்போதுதான் என் பெட்டியைப் பார்த்தேன். புகை நின்றிருந்தது. மூடியைத் தூக்கினால் ட்ரை ஐஸ் துளியும் இல்லை, குப்பிகள் வியர்த்திருந்தன. ஒன்றை அழுத்திப் பார்த்தேன். சேறு மெத்தென்று இருந்தது. ஆர்.என்.ஏ. போயாயிற்று. எனக்கு அழுகை வந்தது. இந்த முறை மிளகாயைச் சொல்ல முடியாது.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஐஸு தீந்துருச்சா? அட, அதுக்கென்னா!" என்று கிரேட்டிலிருந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பெட்டி நிறையப் போட்டார். மீன் செதிலும் கூடவே விழுந்தது. மேலே ஈரச் சாக்கு போட்டு மூடி, கயிறு கட்டி, "கோயம்புத்தூரு வரைக்கும் தாங்கும், நான் சொல்றேன்" என்று தட்டிக்கொடுத்தார். அந்த ஐஸுக்கும் இந்த ஐஸுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அந்த ஐஸும் வீண் போகவில்லை. டி.என்.ஏ. எளிதில் அழியாது, குளிர்ச்சி இருந்தால் போதும். இரவு ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது அறையே மீன் நாற்றம் அடித்தது. பட்டியல் முழுசாகக் கிடைத்தது. யார் யார் அந்தச் சேற்றில் இருந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியாது, இனி யாராலும் முடியாது. இரண்டு நாள் கழித்து ட்ராக்டர்கள் இறங்கின. என் ஆய்வேட்டின் கடைசி அட்டவணையில் மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். கீழே காரணம் எழுத வேண்டும் என்றார் என் வழிகாட்டி. "களத்தில் குளிர்ச்சி பேண இயலவில்லை" என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ரோகு வறுவலின் காரம் நாக்கில் ஏறுகிறது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மாசி, பங்குனியிலேயே போய்விடுங்கள், வண்டல் அள்ளும் பருவத்துக்கு முன்னால். ட்ரை ஐஸ் தேவைக்கு இரண்டு மடங்கு எடுங்கள், தர்மபுரியில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து ஏரிகளுக்கு ஷேர் ஆட்டோ கிடையாது, போகிற ஆட்டோவையே திரும்பவும் வரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர் யார் என்று முதலில் விசாரித்து, நீங்கள் எடுப்பது என்ன என்று அவரிடம் சொல்லி, ஊருக்கு எப்படிச் சொல்வது என்று அவரையே கேளுங்கள். பெட்டியில் என்ன எழுதுவது என்பது அதற்கு அப்புறம். கரையில் தீக்குச்சியைக் கிழிக்கவே கிழிக்காதீர்கள். உங்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். அடுத்த நாள் சந்தைக்குப் போகிறவர் நீங்கள் இல்லை.

போன வாரம் காவேரி அக்கா போன் செய்தார். குத்தகை மறுபடி அவருக்கே வந்துவிட்டதாம். மண் அள்ளியதில் ஏரி ஆழமாகியிருக்கிறது, மழை பெய்தால் மீன் நன்றாக வரும் என்றார். அப்புறம், மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் போலக் கேட்டார்:

"ஆமா மேடம், அன்னிக்கி நான் போட்ட ஐஸு போதுமா இருந்துச்சுங்களா?"

"போதுமா இருந்துச்சுங்கக்கா" என்றேன்.